காபி கூட்டுறவு கிராமத்துல விருந்தாளியா தங்குறது: நிகராகுவாவோட சான் ரமோன் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

ஒரு ஜனவரி மாசம், காபி அறுவடை சூடு பிடிச்சிருந்த நேரம், நிகராகுவாவுல சான் ரமோன் பக்கத்துல ஒரு கூட்டுறவு குடும்பத்தோட வீட்டுல சில நாள் தங்கிட்டு வந்தேன். அன்னைல இருந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விகளையே மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வத்திப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன்.

இந்த ஊரு எங்கதான் இருக்கு?

நடு அமெரிக்காவுல. மேல ஹோண்டுராஸ், கீழ கோஸ்டாரிகா, நடுவுல நிகராகுவா. தலைநகர் மனாகுவாவுல இருந்து வடக்க சுமார் 130 கிலோமீட்டர் போனா மாடகல்பா, மலைக்கு நடுவுல கிண்ணம் மாதிரி உக்காந்திருக்குற ஊரு. அங்கிருந்து கிழக்க இன்னொரு 12 கிலோமீட்டர்ல சான் ரமோன். அதைச் சுத்தி இருக்குற லா பிட்டா, எல் ரோப்லார், லா கொரோனா, லா ரெய்னா, இந்த நாலு கிராமத்துலதான் வெளியாள் வந்து தங்குற ஏற்பாடு ஆரம்பிச்சுது. நடத்துறது 'ஊகா சான் ரமோன்'னு சுருக்கமா சொல்ற விவசாயக் கூட்டுறவுகளோட ஒன்றியம். 1992ல ஆரம்பிச்சது, அதுக்குக் கீழ நிறைய சின்னச் சின்ன கூட்டுறவுகள்.

எஸ்டேட் ஹோம்ஸ்டே ஏற்காட்டுலயும் குடகுலயும் இருக்கே, இதுக்காக பூமிக்கு அந்தப் பக்கம் போகணுமா?

போகணும்னு நான் சொல்லவே இல்ல! ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது. எஸ்டேட் ஹோம்ஸ்டேன்னா ஒரு முதலாளி, அவரோட பங்களா, அவரோட தோட்டம், பறிக்கிற ஆளுங்கள நீங்க ஜன்னல் வழியா பாப்பீங்க. இங்க நீங்க தங்குறது பறிக்கிறவங்க வீட்டுலயேதான், தோட்டமும் அவங்களோடதுதான். இன்னொரு விஷயம், எந்த வீட்டுல தங்குறதுன்னு நீங்க முடிவு பண்ண முடியாது. படம் பாத்து, ஸ்டார் பாத்து, "இந்த வீடு வேணும்"னு கேக்குற பழக்கம்லாம் அங்க எடுபடாது. கூட்டுறவுல ஒரு முறை வெச்சிருக்காங்க, போன ஆள் அந்த வீட்டுக்குப் போனா அடுத்த ஆள் இந்த வீட்டுக்கு. எனக்கு முதல்ல கொஞ்சம் எரிச்சலாதான் இருந்துச்சு, ஏன்னா பக்கத்து வீட்டுல இருந்து பள்ளத்தாக்கு அப்படியே விரிஞ்சு தெரியும், என் ரூம் ஜன்னலைத் திறந்தா கோழிக்கூண்டு. ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சுது, நல்ல வியூ இருக்குற வீட்டுக்கே எல்லாரும் போனா மத்த வீட்டுக்கு என்ன மிஞ்சும், அப்புறம் அது கூட்டுறவே இல்லையே. இந்த முறையைப் புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாக் கேள்விக்கும் பாதி பதில் கிடைச்ச மாதிரி.

அதே மாடகல்பாவுல இருந்து ஹினோடேகா போற ரோட்டுல செல்வா நெக்ரான்னு ஒரு தனியார் காபித் தோட்ட ரிசார்ட் இருக்கு, ஜெர்மன்காரங்க வழி வந்த குடும்பத்தோடது, திரும்புற இடத்துல, நாட்டை சர்வாதிகாரமா ஆண்ட சோமோசா குடும்பத்தோட காலத்து பழைய ராணுவ டாங்கி ஒண்ணு துருப்பிடிச்சு நிக்கும். வெந்நீர், மெனு கார்டு, தனி காட்டேஜ் எல்லாம் வேணும்னா அங்க போங்க, தப்பே இல்ல. இது வேற.

அந்த நிலம் எப்படி விவசாயிங்க கைக்கு வந்துச்சு?

இது கொஞ்சம் பெரிய கதை, சுருக்கிப் பாக்குறேன். 1850கள்ல ஜெர்மன் குடியேறிகள் மாடகல்பா பக்கம் காபி போட ஆரம்பிச்சாங்க, பின்னாடி அரசாங்கமும் காபிக்கு ஆதரவா நின்னு, பழங்குடிகளோட பொது நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பெரிய பண்ணைகளுக்கு மாத்திவிட்டுச்சு, கட்டாய வேலையும் வாங்குனாங்க, அந்தக் கோவத்துல 1881ல மாடகல்பா பழங்குடிகள் எழுந்து சண்டையே போட்டாங்க, அடக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் நூறு வருஷம் பெரிய பண்ணைதான், கூலிதான். 1979 ஜூலை 19ல சாந்தினிஸ்டாக்கள்ங்கிற இடதுசாரிப் போராளிகளோட புரட்சி ஜெயிச்சு சோமோசா ஆட்சி போச்சு, 1981ல நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரிய பண்ணைகளைப் பிரிச்சு அரசுப் பண்ணைகளாவும் கூட்டுறவுகளாவும் ஆக்குனாங்க. உடனே கோன்ட்ரா போர், அதாவது அமெரிக்கா ஆதரவோட புரட்சி அரசை எதிர்த்த படைங்க நடத்துன சண்டை. இந்த மலைகள்லதான் அடிதடி அதிகம், கூட்டுறவுகள் மேலயே குறிவெச்சு தாக்குதல் நடந்துச்சு. 1990 தேர்தல்ல சாந்தினிஸ்டாக்கள் தோத்து எதிர்க்கட்சிக் கூட்டணியோட வயலேட்டா சாமோரோ ஜனாதிபதியா வந்தப்புறம் பட்டா யாரோடது, பழைய முதலாளி திரும்பி வருவானான்னு பல வருஷம் இழுபறி. ஊகா சான் ரமோன் பொறந்தது அந்தக் குழப்பத்துக்கு நடுவுலதான், தனியா இருந்தா நிலத்தை வித்துட்டுப் போக வேண்டியதுதான்னு தெரிஞ்ச ஆளுங்க ஒண்ணா சேந்தாங்க.

போர்க் காலத்துல ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டதால காபி பறிக்க ஆள் இல்லாம, அமெரிக்கா, ஐரோப்பாவுல இருந்தெல்லாம் புரட்சியோட ஆதரவாளர்கள் கூட்டம் கூட்டமா வந்து பறிச்சுக் குடுத்தாங்க. ஸ்பானிஷ் சரியா வராத வெளிநாட்டுக்காரனை வீட்டுல படுக்க வெச்சு பீன்ஸ் போடுறது அந்தப் பக்கத்துக்கு டூரிசம்ங்கிற பேரு வர்றதுக்கு முன்னாடியே பழக்கம்.

விவசாயிங்களுக்கு ஏன் டூரிசம்? காபி போதலையா?

போதல. போதாதுன்னா சாதாரண போதாமை இல்ல. 1989 வரைக்கும் எந்த நாடு எவ்வளவு காபி ஏத்துமதி பண்ணலாம்னு ஒரு சர்வதேச ஒப்பந்தத்துல கோட்டா இருந்துச்சு, அந்த ஜூலையில அது உடைஞ்சுது. 90கள்ல வியட்நாம் பெருசா நடவு பண்ணி உலகத்துலயே ரெண்டாவது இடத்துக்கு வந்துடுச்சு, பிரேசில்லயும் விளைச்சல் கூடிச்சு. 2001ல உலகச் சராசரி விலை பவுண்டுக்கு 45 சென்ட் சுமாருக்கு இறங்கிடுச்சு, அந்த விலைக்கு மலைச்சரிவுல கையால ஒவ்வொரு பழமா பறிச்சா செலவுக்கே கட்டாது. போதாக்குறைக்கு 1998ல மிட்ச் புயல் வேற அடிச்சிட்டுப் போயிருந்துச்சு. பெரிய பண்ணைகள் கடன் கட்ட முடியாம மூடிட்டாங்க, வேலை போன குடும்பங்கள் குழந்தைகளோட மாடகல்பா ரோட்டோரத்துல கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில உக்காந்து பட்டினி கிடந்தாங்க, ஊர்வலமா நடந்தாங்க. 2002ல அரசாங்கம் லாஸ் டூனாஸ்ங்கிற இடத்துல வெச்சு அவங்களோட ஒப்பந்தம் போட வேண்டி வந்துச்சு.

சொந்த நிலம் இருந்த கூட்டுறவுக்காரங்க ரோட்டுக்கு வரல, ஆனா அவங்களுக்கும் கை காலிதான். இந்த நேரத்துல, 2000களோட ஆரம்பத்துல, கிராமத்துல ஆள் தங்க வைக்கிற யோசனை வந்துச்சு. வீட்டோட ஒட்டி ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு கொசுவலை, அவ்வளவுதான் முதலீடு.

இன்னொண்ணு கவனிக்கணும். காபி வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பறிப்பு, அதுல வந்த பணம் மே, ஜூன்ல தீந்துடும், சோளமும் பீன்ஸும் அடுத்த அறுவடைக்கு வரல, கடைக்காரன் கடன் குடுக்க மூஞ்சி சுளிப்பான். அந்த மாசங்களுக்கு அவங்க வெச்சிருக்குற பேரு 'லோஸ் மேசெஸ் ஃப்ளாக்கோஸ்', ஒல்லி மாசங்கள். நம்ம ஊர்ல ஆடிப் பஞ்சம்னு சொல்ற மாதிரின்னு வெச்சுக்கங்க. டூரிசக் காசு அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும்னுதான் எதிர்பார்ப்பு. காபியை விட்டுட்டு டூரிசத்துக்குப் போறது யாரோட திட்டமும் இல்ல.

நான் குடுக்குற காசு யாருக்குப் போகுது?

தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ளது பெரும்பாலும் அந்த வீட்டுக்கு, அதுவும் சமைக்கிற அம்மா கைக்கு. வழிகாட்டிக்குத் தனிக் காசு, அது ஊர்ப் பசங்க, பொண்ணுங்க. ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்கு, ஒரு பங்கு ஒன்றியத்துக்கு. பாத்ததுல எனக்கு முக்கியமா பட்டது அந்த அம்மா கைக்குப் போற காசுதான். காபிக் கணக்கு ஆம்பளைங்க பேருல இருக்கும், மெம்பர்ஷிப் அவங்க பேருல, செக்கும் அவங்க பேருல. விருந்தாளி காசு அப்படி இல்ல, ரேஷன் பைக்குள்ளயே மடிச்சு வெச்சிக்கலாம்.

இதுல குறையே இல்லையான்னா, இருக்கு. ரோட்டுக்குப் பக்கத்துல இருக்குற கிராமத்துக்கு ஆள் ஜாஸ்தி, உள்ள இருக்குறதுக்குக் கம்மி. கூடுதலா ஒரு ரூம் கட்டக் கடன் வாங்க முடிஞ்ச குடும்பம்தான் இதுல இறங்கவே முடியும், அதனால ரொம்ப இல்லாதவங்க வெளியவே நின்னுடறாங்க. தொகையும் பெருசு இல்ல. மூணு பேர் வந்தா மூணு பேருக்குண்டான காசு, அதை வெச்சு ஊரே மாறிடுச்சுன்னு எழுதுற பிரசுரத்தை எல்லாம் பாதி நம்புங்க போதும்.

ஃபேர்டிரேட் காபி வாங்கிக் குடிச்சா போதாதா, அங்க வரைக்கும் எதுக்கு?

ஃபேர்டிரேட்ங்கறது விவசாயிக்கு ஒரு குறைஞ்சபட்ச விலையை உறுதி பண்ற முத்திரை. அது உதவி பண்ணுச்சு, அதுல சந்தேகமே இல்ல. 2001ல சந்தையில 45, 50 சென்ட் ஓடிட்டிருந்தப்ப ஃபேர்டிரேட் குறைஞ்சபட்ச விலை, ஊர் வளர்ச்சிக்குன்னு குடுக்குற கூடுதல் தொகையோட (பிரீமியம்) சேத்து, பவுண்டுக்கு 1 டாலர் 26 சென்ட். சுலபமா கணக்குப் போட்டா ரெண்டு மடங்குக்கும் மேல. ஆனா விக்கிற மொத்தத்தையும் அந்த விலைக்கு வாங்க ஆள் கிடைக்காது, ஒரு பகுதி மட்டும் அப்படிப் போகும், மிச்சம் சாதா விலைக்கு. 2023 ஆகஸ்ட்ல இருந்து கழுவின அராபிகாவுக்கு குறைஞ்சபட்சம் 1 டாலர் 80 சென்ட்னு ஏத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் 2025 பிப்ரவரியில சந்தை விலையே 4 டாலரைத் தாண்டிடுச்சு, அப்ப வேற தலைவலி, 'கொயோட்டே'னு அவங்க சொல்ற இடைத்தரகர் (ஓநாய் வகை மிருகத்தோட பேரு, பொருத்தமாதான் வெச்சிருக்காங்க) வீட்டு வாசல்லயே ரொக்கத்தோட நிப்பான், கூட்டுறவுல குடுத்தா பணம் பல தவணையா வரும், இவன் இப்பவே குடுக்குறான், ஸ்கூல் ஃபீஸ் நாளைக்கு. நீங்களா இருந்தா யாருக்கு விப்பீங்க? விலை விழுந்தாலும் பிரச்சனை, ஏறினாலும் பிரச்சனை, கூட்டுறவு நடத்துறவங்களைப் பாத்தா எனக்கு அப்படி ஒரு மரியாதை.

நாள் முழுக்க அங்க என்ன பண்றது?

அறுவடை நேரம்னா காலைல அஞ்சரைக்கே வீடு முழிச்சுடும். இடுப்புல கூடை கட்டிக்கிட்டு தோட்டத்துக்கு. பழுத்த சிவப்புப் பழத்தை மட்டும் பறிக்கணும், காம்பைப் பிச்சிட்டா அடுத்த வருஷம் அந்த இடத்துல பூக்காதுன்னு திட்டு விழும். பறிச்சதை அன்னைக்கு சாயங்காலமே தோல் உரிக்கிற மிஷின்ல போடணும், சில வீட்டுல கையால சுத்துறது, சில வீட்டுல மோட்டார். உரிச்ச கொட்டை வழவழன்னு இருக்கும், தொட்டியில ராத்திரி முழுக்க புளிக்க விட்டு மறுநாள் கழுவினா சரசரன்னு ஆயிடும், கையை உள்ள விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுதான் பதம் சொல்றாங்க, நம்ம வீட்டுல இட்லி மாவு பதம் பாக்குற மாதிரி மூக்கும் கையும்தான் மீட்டர். அங்க மேல ஈரப்பதம் ஜாஸ்திங்கறதால காய வைக்க கீழ, வெயில் அடிக்கிற மாடகல்பா, செபாக்கோ பக்கம் இருக்குற பெரிய சிமென்ட் களத்துக்கு லாரியில அனுப்புறாங்க. ஈரம் 12 சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் துழாவித் துழாவி காய வைக்கணும், அப்புறம் ஓடு நீக்கி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கெட்ட கொட்டையைப் பொறுக்கி, மூட்டை. அஞ்சாறு கிலோ பழம் பறிச்சாதான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும், அதை நேர்ல பாத்தப்புறம் காபிப் பொடியை சிந்தினா மனசு அடிச்சுக்குது.

அளவுகள்ல ஏமாந்துடாதீங்க. அங்க 'கின்டால்'னா நம்ம குவின்டால் மாதிரி நூறு கிலோ இல்ல, நூறு பவுண்டு, சுமார் 46 கிலோ. நிலம் 'மன்சானா' கணக்கு, ஒரு மன்சானா சுமார் ஒண்ணே முக்கால் ஏக்கர், ஸ்பானிஷ்ல அதே சொல்லுக்கு ஆப்பிள்னும் அர்த்தம், முதல் நாள் "எங்களுக்கு மூணு மன்சானா இருக்கு"ன்னு சொன்னப்ப நான் பழம் தர்றாங்கன்னு நெனச்சு "கிராசியாஸ்" (நன்றி) சொல்லிட்டேன்.

காபி வேண்டாம்னா லா ரெய்னா பக்கம் பழைய தங்கச் சுரங்கம் இருக்கு, கூட்டிட்டுப் போய் காட்டுவாங்க. காட்டு வழி நடைகள் இருக்கு. டார்ட்டியா, அதாவது சோள ரொட்டி, தட்டக் கத்துக்கலாம், என்னோடது ஆப்பிரிக்கா மேப் மாதிரி வந்துச்சு.

நாம பறிச்சா கூலி உண்டா?

ஹாஹா. கூலி 'லாட்டா' கணக்கு, அதாவது டின் கணக்கு. பழகின ஆளு ஒரு நாளைக்கு ஆறேழு டின் அசால்ட்டா நிரப்புவாங்க. நான் மதியம் வரைக்கும் பறிச்சு அரை டின், அதுலயும் பச்சைக்காய் கலந்துட்டுதுன்னு வீட்டுப் பாட்டி தனியா உக்காந்து பொறுக்கினாங்க. நாம உதவி பண்றோம்னு நெனைக்கிறதே தப்பு, அவங்க வேலையை நாம மெதுவாக்குறோம், அதுக்குக் காசு குடுக்குறோம்.

சாப்பாடு எப்படி? சைவமா சமாளிக்க முடியுமா?

மூணு வேளையும் காயோ பிண்டோ, அதாவது சிவப்பு பீன்ஸும் சோறும் சேத்து வதக்கினது. கூட சோள டார்ட்டியா, குவஹாடான்னு வீட்டுல உறைய வெச்ச பச்சைச் சீஸ், வாழைக்காய் வறுவல். வயித்துக்கு நம்ம ஊர் சாப்பாடு மாதிரியே இருக்கும். ஆனா காரம் சுத்தமா கிடையாது, வினிகர்ல ஊறின வெங்காயம் மிளகாய் ஒரு பாட்டில்ல இருக்கும், அவ்வளவுதான், ஊறுகாய் கொண்டு போங்க. சைவக்காரங்க ஒண்ணு கவனிங்க, "கார்னே (கறி) வேண்டாம்"னு சொன்னா மாட்டிறைச்சி, பன்னி வேண்டாம்னு எடுத்துக்கிட்டு சிக்கன் சூப் வெச்சாலும் வெப்பாங்க, கோழி பல பேரு கணக்குல கறியே இல்ல. பீன்ஸ் வதக்குறதுல பன்னிக்கொழுப்பு சேக்குற வீடும் உண்டு. முன்பதிவு பண்ணும்போதே தெளிவா சொல்லிடுங்க.

அங்க காபி செம டேஸ்டா இருக்குமே?

இதைத்தான் எல்லாரும் கேக்குறீங்க. உண்மையைச் சொன்னா மனசு கஷ்டப்படும். நல்ல கொட்டை எல்லாம் ஏத்துமதிக்கு, வீட்டுக்கு மிஞ்சுறது கழிவு ரகம், அதைக் கருக வறுத்து, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, பால் இல்லாம பெரிய கப்ல. நம்ம டிகாஷன் பாலு டபரா எல்லாம் மறந்துடுங்க. 2000ஐ ஒட்டிதான் கூட்டுறவுகள்லயே சுவை பாக்குற லேப் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் தன் தோட்டத்துக் காபி எப்படி இருக்கும்னு குடிச்சே பாக்காத விவசாயிங்க இருந்தாங்க. விருந்தாளி வர ஆரம்பிச்சப்புறம் வீட்டுலயும் கொஞ்சம் நல்லதை எடுத்து வெக்கிறாங்க, கேட்டீங்கன்னா உங்க எதிர்லயே வறுத்துத் தருவாங்க.

குளியல், டாய்லெட்?

பச்சைத் தண்ணி, வாளி, சொம்பு. டாய்லெட் பல வீட்டுல வெளிய. டிசம்பர், ஜனவரி ராத்திரி நல்லா குளிரும். சேவல் மூணு மணிக்கே கூவும்.

'ஈகோ டூரிசம்', சுற்றுச்சூழலைக் கெடுக்காத சுற்றுலான்னு போடுறாங்களே, உண்மையிலயே அப்படியா?

பாதி காபியோட புண்ணியம். இங்க காபி நிழல்ல வளருது, மேல குவாபான்னு பயறு இன மரம், வாழை, காட்டு மரங்கள், நம்ம மலைக் காபி மாதிரியேதான். அதனால பறவைங்க நிறைய, வட அமெரிக்கா குளிருக்குத் தப்பிச்சு வர்ற சின்னக் குருவிங்க இந்த மரங்கள்லதான் தங்குது. ஊளைக் குரங்கு விடியக்காலைல கத்துறதை முதல் தடவை கேட்டா சிங்கம் வந்துடுச்சுன்னு நெனப்பீங்க.

ஆனா காபி கழுவின தண்ணி இருக்கே, 'தேன் தண்ணி'ன்னு அழகா பேரு வெச்சிருக்காங்க, அது ஓடையில கலந்தா மீன் செத்துடும். அதுக்குன்னு குழி வெட்டித் தேக்கி வைக்கிறாங்க, தோலை உரமாக்குறாங்க, எல்லா வீட்டுலயும் ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா நான் பாத்த வரைக்கும் இல்ல.

காபி இலையைத் தாக்குற பூஞ்சை, இலைத்துரு நோய், இன்னொரு பெரிய அடி. 1869ல இலங்கையில முதல்ல பதிவாகி அங்க காபியையே அழிச்சு தேயிலைக்கு மாத்த வெச்ச அதே துரு, அந்தத் தோட்டங்கள்ல வேலை பாத்தது தமிழ்நாட்டுல இருந்து போன நம்ம ஆளுங்க. நிகராகுவாவுக்கு 1976ல வந்துச்சு, 2012-13ல நடு அமெரிக்கா முழுக்க ஒரு ஆட்டம் ஆடிடுச்சு. செடியைப் பிடுங்கி புதுசு வெச்சா காய்க்க மூணு வருஷம். லா பிட்டாவுல போய் நின்னு "இது சிலோன்ல இருந்து வந்த நோய், எங்க ஊர்க்காரங்களையும் இதுதான் தொரத்துச்சு"ன்னு என் அரைகுறை ஸ்பானிஷ்ல சொன்னப்ப அந்தப் பெரியவர் இலையைத் திருப்பி மஞ்சப் பொடியைக் காட்டி ரொம்ப நேரம் பேசினாரு, எனக்குப் புரிஞ்சது கால்வாசிதான்.

எப்ப போகலாம்?

பறிப்பு பாக்கணும்னா டிசம்பர், ஜனவரி. முதல் மழை விழுந்ததும் ஏப்ரல், மே வாக்குல வெள்ளையா பூத்துடும், மல்லிப்பூ வாசனை, ரெண்டு மூணு நாள்ல கொட்டிடும். அவங்களுக்குக் காசு அதிகம் தேவைப்படுறது ஜூன்ல இருந்து செப்டம்பர், ஆனா அப்ப மழை, சேறு, வர்றவங்க கம்மி. ரப்பர் பூட்ஸ் போட ரெடின்னா அப்பவும் போங்க.

பாதுகாப்பா இருக்குமா?

கிராமத்துக்குள்ள எனக்குப் பயம் வரல. நாட்டோட நிலைமை தனி விஷயம். 2018 ஏப்ரல்ல ஆரம்பிச்ச போராட்டத்துல 300 பேருக்கு மேல செத்தாங்க, டூரிஸ்ட் வரத்து அப்படியே படுத்துடுச்சு, அடுத்து கொரோனா, அதே 2020 நவம்பர்ல ஏட்டா, அயோட்டான்னு ரெண்டே வாரத்துல ரெண்டு புயல். 2018க்கு அப்புறம் அரசாங்கம் ஆயிரக்கணக்கான தொண்டு நிறுவனங்களை மூடிடுச்சு, இந்த மாதிரி கிராமத்து வேலைகளுக்கு வெளிய இருந்து கை குடுத்த பல பேரு இப்ப இல்ல. அதனால ரெண்டு விஷயம்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒன்றியத்தோட ஆபீஸ்ல நேரடியா கேட்டு எந்தக் கிராமம் அந்த மாசம் ஆள் எடுக்குதுன்னு உறுதி பண்ணிக்கங்க. அங்க போய் அரசியல் கேள்வி கேக்காதீங்க, நீங்க கிளம்பி வந்துடுவீங்க, பதில் சொன்னவங்க அங்கேயே இருக்கணும்.

ஸ்பானிஷ் தெரியாம சமாளிக்கலாமா?

இங்கிலீஷ் அங்க செல்லாது. ஒரு ஐம்பது வார்த்தை கத்துக்கிட்டுப் போங்க, சாப்பாடு, தண்ணி, போதும், இன்னும் கொஞ்சம், ரொம்ப நல்லா இருக்கு. 'போதும்' தெரியலன்னா தட்டு காலியாகவே ஆகாது.

என்ன வாங்கிட்டுப் போறது, என்ன கொண்டு வர்றது?

குழந்தைங்களுக்கு மிட்டாய், பேனா அள்ளிக் குடுக்குற வேலை வேண்டாம், அடுத்து வர்ற விருந்தாளி கிட்ட கை நீட்டப் பழகிடுவாங்க. ஏதாவது குடுக்கணும்னா ஊர்ப் பொது நிதிக்குக் குடுங்க. நான் வீட்டு அம்மாவுக்கு ஒரு பித்தளை ஃபில்டரும் கொஞ்சம் ஏலக்காயும் கொண்டு போனேன். வரும்போது நாலு பவுண்டு காபி வாங்கிட்டு வந்தேன், கொட்டையாவே வாங்குங்க, பொடி பண்ணினா வீடு வர்றதுக்குள்ள வாசனை போயிடும். வந்ததும் சிக்கரி சேக்காம டிகாஷன் போட்டு அம்மாகிட்ட குடுத்தேன், ஒரு வாய் குடிச்சிட்டு "புளிப்பா இருக்கே, கெட்டுப் போச்சா?"ன்னாங்க. அதுதான் அந்த மலைக் காபியோட ருசின்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இப்ப பாதிக்குப் பாதி நம்ம பொடி கலந்துதான் வீட்டுல ஓடுது.